20 ஆயிரம் ரூபாயில் ஒரு மவுண்டன் பைக்: எதற்கு முதலில் செலவு செய்ய வேண்டும்?



போன வாரம் சிறுமலை அடிவாரத்தில் என் சைக்கிளோடு நின்று ஒரு படம் போட்டிருந்தேன். இன்பாக்ஸில் சுகர், பிரஷர் கேள்விகளை விட சைக்கிள் கேள்விகள்தான் அதிகம் வந்தன.

"டாக்டர், இது என்ன விலை?"
"கம்மி பட்ஜெட்ல எம்டிபி ரெடி பண்ண முடியுமா?"
"முதல்ல எதை மாத்தணும்?"

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதற்குத் தவறான பதிலை வைத்துக்கொண்டு பல மாதம் சுற்றியவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

முதலில் நான் ஏன் சைக்கிளுக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எனக்கு வயது 34. எடை 84 கிலோ. ஹெச்பிஏ1சி 6.1. அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை. ஓபியில் தினமும் நூறு பேரிடம் "நடக்கணும்மா, உடம்பு வேர்க்கணும்யா" என்று சொல்கிற ஆள், நைட் டியூட்டியில் நாலு டீ, நாலு பஜ்ஜி என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

ஒரு பாட்டி நேராகவே கேட்டுவிட்டார். "என்னைய நடக்கச் சொல்ற, நீ நடக்கிறியா சாமி?"

பதில் இல்லை.

நடப்பது எனக்கு சலிப்பு. சின்ன வயதில் சைக்கிள் பிடிக்கும். எங்கள் ஊரைச் சுற்றி மண் பாதை, ஓடைக்கரை, கொஞ்ச தூரத்தில் மலை. சரி, மவுண்டன் பைக் வாங்குவோம் என்று முடிவு செய்தேன். கடையில் விலை கேட்டேன். பிடித்ததெல்லாம் 40 ஆயிரத்துக்கு மேல். வீட்டுக் கடன் இஎம்ஐ, பெண் குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் கண் முன்னால் வந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

கடைசியில் ஒருவரிடம் பழையது ஒன்று கிடைத்தது. அலுமினிய ஃபிரேம், 27.5 இன்ச் வீல், முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7, கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். மூன்று வருஷம் பால்கனியில் துணி காயப் போட உபயோகப்பட்ட வண்டி. 6,000 ரூபாய்.

பழைய சைக்கிள் வாங்கும்போது என்ன பார்க்கணும்?

நோயாளியைப் பரிசோதிக்கிற மாதிரிதான். மேலிருந்து கீழ் வரை ஒழுங்காகப் பாருங்கள்.

ஃபிரேமின் வெல்டிங் இடங்கள். குறிப்பாக ஹேண்டில் பாருக்குக் கீழே இருக்கும் ஹெட் டியூப், பெடல் அச்சு இருக்கும் இடம். அங்கே பெயின்ட்டில் மயிரிழை மாதிரி கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சீட் கம்பி மேலும் கீழும் அசைகிறதா என்று பாருங்கள். அலுமினியத்தில் இறுகிப் பிடித்துக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டொக் டொக்' என்றால் ஹெட்செட் லூஸ். இது சரி செய்யக்கூடியது.

டயர் தேய்ந்திருப்பது, செயின் துருப்பிடித்திருப்பது, கியர் விழாதது. இதெல்லாம் பேரம் பேச உதவும், பயப்பட வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியம், ஃபிரேம் உங்கள் உயரத்துக்குப் பொருந்தணும். மற்ற எல்லாவற்றையும் பிறகு மாற்றலாம். ஃபிரேம் அளவை மாற்ற முடியாது.

இன்னொன்று. மலிவு விலையில் பின்னாலும் சஸ்பென்ஷன் வைத்து வரும் வண்டிகளைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த விலையில் கிடைப்பது வெறும் எடைதான்.

வாங்கியாச்சு. எங்கள் ஊர் சைக்கிள் கடை அண்ணனிடம் கொண்டு போனேன். அறுபது வயதுக்காரர். அவர் கை படாத சைக்கிள் எங்கள் ஊரில் இல்லை. 700 ரூபாய்க்கு முழு ஓவராயிலிங் செய்து கொடுத்தார். வீல் கோட்டம் எடுத்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, வண்டி அல்வா மாதிரி ஓடியது.

"பிரேக் பேடு தேஞ்சிருக்கு டாக்டர் தம்பி, ஒரு தடவ மாத்திருங்க" என்றார்.

"பார்க்கலாம்ணே" என்றேன்.

என் மனசு முழுக்க அப்போது வேறு இடத்தில் இருந்தது. முன் சஸ்பென்ஷன் ஃபோர்க்! யூடியூபில் பார்த்துப் பார்த்து ஏங்கிப் போயிருந்தேன். என் வண்டியில் இருந்தது சாதாரண ஸ்பிரிங் வைத்த, இரண்டரை கிலோவை ஒட்டிய கனமான ஃபோர்க். காற்றில் இயங்கும் ஏர் ஃபோர்க் போட்டால் எடை குறையும், ஓட்டம் மெத்தையாக இருக்கும், பார்க்கவும் கெத்தாக இருக்கும். மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு என்று ஒதுக்கி 9,000 ரூபாய் சேர்த்துவிட்டேன். ஆர்டர் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்த வாரம்தான் அந்தப் பையன் வந்தான்.

(அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சாயங்காலம் ஆறு மணி. கேஷுவாலிட்டியில் நான். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையன். பள்ளிவிட்டு சைக்கிளில் வரும்போது இறக்கத்தில் விழுந்துவிட்டான். தாவாக்கட்டை கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. நல்லவேளை, மயக்கம் இல்லை, வாந்தி இல்லை. தாவாக்கட்டையில் 4 தையல், டிடி ஊசி, எக்ஸ்ரே. மணிக்கட்டு எலும்பில் முறிவு, ஆனால் விலகவில்லை. எலும்பு டாக்டர் வந்து பார்த்து மாவுக்கட்டு போட்டார்.

தையல் போடும்போது பேச்சுக் கொடுத்தேன்.

"பிரேக் பிடிக்கலியா தம்பி?"

"பிரேக் இல்ல சார்."

"இல்லன்னா?"

"அண்ணன் ஓட்டுன சைக்கிள் சார். கட்டை தேஞ்சு போயி ரொம்ப நாளாச்சு. கால வச்சுத்தான் நிப்பாட்டுவேன்."

காலை வைத்துத்தான் நிறுத்துவானாம்! தினமும் ஆறு கிலோமீட்டர் போக, ஆறு கிலோமீட்டர் வர.

அவன் அம்மா வெளியே நின்றுகொண்டிருந்தார். நூல் மில் வேலை முடிந்து அப்படியே ஓடி வந்திருந்தார். என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"சார், அந்தச் சைக்கிள பழைய இரும்புக்குப் போட்டுரட்டுமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. சைக்கிள் போனால் அவன் பள்ளிக்கு எப்படிப் போவான் என்று கேட்டேன். காலையில் ஒரு பஸ், அதுவும் சில நாள் வராது. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்தால் பஸ்ஸே கிடையாது. "பாப்போம் சார், பெரியவன மாதிரி இவனும் வேலைக்குப் போக வேண்டியதுதான்" என்றார். கோபமாகவோ வருத்தமாகவோ சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

டியூட்டி முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். ஏனோ என் சைக்கிளைத் திருப்பிப் போட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். டிஸ்க் பிரேக் பேடைக் கழற்றினேன். தேய்மானப் பூச்சு சுத்தமாகப் போய், பின்னால் இருக்கும் இரும்புத் தகடு டிஸ்க்கில் உரசிய கோடு தெரிந்தது.

இந்த வண்டியில்தான் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்திருந்தேன்.

அந்தப் பையனிடம் காசு இல்லை. என்னிடம் 9,000 ரூபாய் இருந்தது. இரண்டு சைக்கிளிலும் பிரேக் இல்லை. அதிலும் என்னிடம் ஒருவர் எடுத்துச் சொல்லியே நான் கேட்கவில்லை.

மறுநாள் கடை அண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"வண்டி ஓடுறதுக்கு காசு செலவு பண்ற ஆளு நிறைய டாக்டர் தம்பி. நிக்கிறதுக்கு செலவு பண்ற ஆளுதான் கம்மி."

இதற்குப் பிறகு படித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. உங்களுக்கும் பிடிக்கும்.

மவுண்டன் பைக் பிறந்ததே பழைய இரும்பில்தான். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் கவுன்டி என்ற பகுதி. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி போன்ற இளைஞர்கள், 1930, 40களில் செய்யப்பட்ட குண்டு டயர் சைக்கிள்களை மலிவாகப் பிடித்து, கைக்குக் கிடைத்த பாகங்களை மாட்டி, மலையில் இறங்கி விளையாடினார்கள். 1976ல் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகில் ஒரு மலைப் பாதையில் பந்தயமே நடத்த ஆரம்பித்தார்கள்.

அந்தப் பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. ஏன் தெரியுமா?

அந்தக் கால சைக்கிளில் பெடலைப் பின்னால் மிதித்தால் பின் வீல் ஹப்புக்குள் பிரேக் பிடிக்கும். ஒரு தடவை மலை இறங்கினால் அந்தச் சூட்டில் ஹப்பில் இருக்கும் கிரீஸ் புகைந்து காலியாகிவிடும். கீழே வந்ததும் கழற்றி, புதுசாக கிரீஸ் அடைக்க வேண்டும். 'மறுபடி அடைப்பது' என்பதுதான் ரீபேக். ஆக, இந்த விளையாட்டின் முதல் பிரபலப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்ததே பிரேக் பராமரிப்பு வேலைதான்!

சரி, இப்போது அந்த மூன்றாவது கேள்விக்கு வருவோம். எதை முதலில் மாற்றணும்? என் வரிசை இது.

1. உடம்புக்குப் பொருத்தம்

இதற்குக் காசே தேவையில்லை. சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீளணும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம்.

சீட் தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலி வரும். "சைக்கிள் ஓட்டுனா மூட்டு தேஞ்சுரும்" என்று என்னிடம் வந்த மூன்று பேருக்கு நான் மாத்திரை எழுதவில்லை. சீட்டை ஏற்றச் சொன்னேன்.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகிறதா? உள்ளங்கையின் ஓரத்தில் போகும் அல்நார் நரம்பு அழுந்துகிறது. கிரிப்பை மாற்றுங்கள், கையை அடிக்கடி இடம் மாற்றி வையுங்கள். எனக்கு நீளமான சீட் கம்பியும் நல்ல கிரிப்பும் சேர்த்து 650 ரூபாய் ஆனது.

ஹெல்மெட்டையும் இந்த வகையிலேயே சேர்த்துவிடுகிறேன். 1,850 ரூபாய். ஒரு தடவை பலமாக அடிபட்டால் வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

2. பிரேக்

முதல் கட்டமாக புது பேடுகள், புது கேபிள். 650 ரூபாய். அவ்வளவுதான் செலவு. கேபிள் பிரேக்கே புது வண்டி மாதிரி பிடித்தது.

பூச்சு 1 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். புது பேடு போட்டதும் நேராக மலைக்குப் போகாதீர்கள். சமதளத்தில் ஓரளவு வேகமாகப் போய், முழுதாக நிற்காமல் வேகம் மட்டும் குறையும் அளவுக்கு ஒரு இருபது தடவை பிடித்து விடுங்கள். அப்போதுதான் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடு ஒன்று பழகும்.

டிஸ்க்கில் எண்ணெய் படவே கூடாது. துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பயன்படுத்துங்கள். ஆஸ்பத்திரி ஆட்கள் கவனிக்க: சில சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். அதை வைத்துத் துடைத்தால் இருக்கிற பிரேக்கும் போச்சு.

ஒரு வருஷம் கழித்துத்தான் ஹைட்ராலிக் பிரேக் போட்டேன். 4,200 ரூபாய். இதில் ஒரு பொறி இருக்கிறது. பட்ஜெட் வண்டிகள் பலவற்றில் பிரேக் லீவரும் கியர் மாற்றும் ஷிஃப்டரும் ஒரே துண்டாக இருக்கும். பிரேக்கை மாற்றினால் ஷிஃப்டரும் தனியாக வாங்கணும். எனக்கு அதற்கு 900 கூடுதல். முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கில் 'ரெசின் பேட் மட்டும்' என்று எழுதியிருந்தால் மெட்டல் பேடு போடக் கூடாது. அதேபோல மினரல் ஆயில் பிரேக்கில் கார் பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் கெட்டுவிடும்.

இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராதீர்கள். பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு வாருங்கள். டிஸ்க் ஆற நேரம் கிடைக்கணும்.

3. டயர்

தரையைத் தொடுவது இரண்டே இரண்டு உள்ளங்கை அகலம்தான். நல்ல டயர் இரண்டும் டியூபும் சேர்த்து 2,300. ஏர் ஃபோர்க் கனவில் நான் எதிர்பார்த்த மெத்தையில் பாதி, காற்றைச் சரியாக வைத்தவுடனே கிடைத்துவிட்டது. 2.1 இன்ச் டயருக்கு, என் எடைக்கு, மண் பாதையில் 35 பிஎஸ்ஐ சரியாக இருக்கிறது. டயர் ஓரத்தில் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு. அதுவரை கல் மாதிரி அடிக்கத் தேவையில்லை. ரொம்பக் குறைத்தாலும் கல்லில் டியூப் நசுங்கி பஞ்சர் ஆகும்.

4. செயினும் கியரும்

செயின் என்பது சைக்கிளின் கொலஸ்ட்ரால் டெஸ்ட் மாதிரி. வெளியே எதுவும் தெரியாது, உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும்.

வீட்டில் இருக்கும் இன்ச் ஸ்கேலே போதும். ஒரு பின்னின் நடுவில் வைத்து அளந்தால் 24ஆவது பின் சரியாக 12 இன்ச்சில் இருக்கணும். 12 இன்ச்சைத் தாண்டி 1/16 இன்ச் போயிருந்தால் செயின் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது. 1/8 இன்ச் போயிருந்தால் பின்னால் இருக்கும் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தேய்த்திருக்கும். 450 ரூபாய் செயினை நேரத்துக்கு மாற்றாவிட்டால் பல்சக்கரத்துக்கும் சேர்த்து அழணும்.

மலை ஏற கஷ்டமா? 9 ஸ்பீடு, 10 ஸ்பீடு என்று போக வேண்டாம். அதற்கு ஹப்பையே மாற்ற வேண்டியிருக்கும். நான் செய்தது, பின்னால் பெரிய சக்கரம் 28 பல் இருந்த 7 ஸ்பீடு ஃப்ரீவீலைக் கழற்றி 34 பல் உள்ளதைப் போட்டது. 550 ரூபாய். மிகச் சின்ன கியரில் சுமார் 18 சதவீதம் இலகு. உங்கள் பின் டீரெய்லர் 34 பல் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வகை ஃப்ரீவீல் வண்டியில் பெரிய பள்ளத்தில் குதித்து சாகசம் செய்யாதீர்கள். பின் அச்சு வளைந்துவிடும்.

5. ஃபோர்க்

கடைசி. வாங்கும் முன் உங்கள் ஃபிரேமின் ஹெட் டியூப் நேரானதா, கீழே அகன்றதா என்று பாருங்கள். மேலும் கீழும் ஒரே அளவில் இருக்கும் குறுகிய ஹெட் டியூபில், அடி அகன்ற ஃபோர்க் நுழையாது. நான் ஆசைப்பட்ட ஃபோர்க் என் வண்டிக்குப் பொருந்தியே இருக்காது என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது!

பராமரிப்பு

ஒவ்வொரு தடவை எடுக்கும் முன்பும் ஒரு நிமிஷம்: காற்று, இரண்டு பிரேக், இரண்டு வீலின் லாக்.

வாரம் ஒரு தடவை: செயினைத் துணியால் துடைத்து, இணைப்புக்கு ஒரு சொட்டு சைக்கிள் செயின் ஆயில் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வழிய வழிய ஊற்றினால் மண் ஒட்டி அரைக்கும். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை: ஹப், ஹெட்செட், பெடல் அச்சுக்கு கிரீஸ். கழற்றும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும். இடது பக்கப் பெடலின் மறை எதிர்த் திசையில் கழலும். தெரியாமல் பலம் கொடுத்தால் மறை போய்விடும்.

கணக்கு

வண்டி 6,000. ஓவராயிலிங் 700. பேடு, கேபிள் 650. டயர், டியூப் 2,300. சீட் கம்பி, கிரிப் 650. ஃப்ரீவீல், செயின் 1,000. ஹைட்ராலிக் பிரேக், ஷிஃப்டர் 5,100. பெடல் 600. பம்ப், ஆலன் கீ, பஞ்சர் சாமான் 1,100. ஹெல்மெட் 1,850.

மொத்தம் 19,950. இரண்டு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. இது நான் கொடுத்த விலை. உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கலாம்.

இதில் ஒரு செலவு சேரவில்லை. பிரேக் கட்டை 4, கேபிள் 2. மொத்தம் 140 ரூபாய். அது அந்தப் பையனின் சைக்கிளுக்கு. கடை அண்ணன் கூலி வாங்கவில்லை.

தையல் பிரிக்க வந்தபோது அவன் அம்மாவிடம், "சைக்கிள இரும்புக்குப் போடாதீங்கம்மா, ஒரு தடவ கடைக்குக் கொண்டு வாங்க" என்று சொல்லியிருந்தேன். தயங்கித் தயங்கிக் கொண்டு வந்தார். பையனுக்கு மாவுக்கட்டு பிரித்து, கை பழையபடி ஆன பிறகு, எலும்பு டாக்டர் சரி சொன்ன பிறகுதான் சைக்கிளில் ஏறினான். முதல் நாள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து வேகமாக மிதித்து, பிரேக் அடித்துக் காட்டினான்.

"நிக்குது சார்!" என்றான்.

இப்போது பதினொன்றாம் வகுப்பு. அதே சைக்கிள். அவனுக்கே கட்டை மாற்றத் தெரியும்.

என் கதை? ஹெச்பிஏ1சி 5.6. எடை 76. சைக்கிள் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். சர்க்கரை போட்ட டீயையும் பஜ்ஜியையும் விட்டதும் சேர்த்துத்தான். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சுகர், பிரஷர், நெஞ்சு வலி உள்ளவர்கள் மலை ஏறும் முன் உங்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பழைய ஃபோர்க்தான் இன்னும் இருக்கிறது. லேசாகக் கத்துகிறது. ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படித்து முடித்ததும் நீங்கள் எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் வீட்டில் ஒரு சைக்கிள் நிற்கும். உங்களுடையது, உங்கள் பிள்ளையுடையது, பக்கத்து வீட்டுப் பையனுடையது. போய் அதன் இரண்டு பிரேக்கையும் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். அது போதும்.



ஓர் அரசு மருத்துவர்
திண்டுக்கல் மாவட்டம்